குப்பைத்தொட்டிக்குப் போய்வந்த கட்டுரை

மவுஸைத் தொடுவதற்கு முன்னால் அவன் அதைத் துடைப்பான். கைக்குட்டையை நாலாக மடித்து, ஒரு மூலையை மட்டும் தண்ணீர் பாட்டிலின் வாயில் தொட்டு ஈரமாக்கிக்கொள்வான். முதலில் முதுகு, பிறகு இரண்டு பொத்தான்கள், கடைசியாக நடுவிலிருக்கும் சின்னச் சக்கரத்தின் பற்களுக்கிடையே நகத்தை விட்டு ஒரு சுற்று. அது அவனுடைய மவுஸ்தான். வேறு யாரும் தொட்டதில்லை. ஆனாலும் துடைப்பான். வேலை முடிந்ததும் எழுந்து போய்க் கை கழுவுவான், மணிக்கட்டு வரைக்கும், விரல் இடுக்கு வரைக்கும். அங்கே மாட்டியிருக்கிற பொதுத் துண்டைப் பார்க்கக்கூட மாட்டான். கையைக் காற்றில் உதறிக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்து வருவான். எதிரே வருகிறவர்கள் மேல் இரண்டு சொட்டு தெறிக்கும். அதனால்தான் அவன் வேலை பார்க்கிற ஆராய்ச்சி மையத்தில் அவனுக்குச் 'சோப்பு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவன் காதுக்கு எட்டாமலும் இருந்ததில்லை.

இத்தனைக்கும் அவன் கழுவுகிற அழுக்கு கையில் ஒட்டுகிற அழுக்கு இல்லை. அந்த மையத்தில் நூற்றுச் சொச்சம் பேர் மருத்துவ ஆராய்ச்சி செய்கிறார்கள். அவர்கள் படிக்கிற, மேற்கோள் காட்டுகிற கட்டுரைகள் எல்லாம் கணினிக்குள் ஒரே பொது நூலகத்தில் கிடக்கின்றன. லட்சத்துக்கு மேல். யார் வேண்டுமானாலும் தன் இடத்திலிருந்தே திறக்கலாம், சேர்க்கலாம், திருத்தலாம். எழுதும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டுரையின் பெயர், எழுதியவர், ஆண்டு எல்லாம் தானாக வந்து பக்கத்தின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். வசதிதான். ஆனால் ஒருவர் கைவைத்தது அத்தனை பேர் திரையிலும் மாறும். நூறு பேர் ஒரே குளத்தில் குளிக்கிற மாதிரி. அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

என்னவெல்லாம் மிதக்கும் என்று கேட்கக்கூடாது. ஒரே கட்டுரையை ஆறு தடவை சேர்த்து வைத்திருப்பார்கள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியல' என்று இருக்கும். அடையாளத்துக்கு டேக் போடச் சொன்னால் 'படிக்கணும்', 'அவசியம் படிக்கணும்', 'இதையாவது படிக்கணும்' என்று போட்டுவிட்டு மூன்றையும் படிக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு தடவை சிறுநீரகம் என்ற பிரிவுக்குள் யாருடைய பல் எக்ஸ்ரேயோ கிடந்தது. இன்னொரு தடவை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரைக்கு அடியில் யாரோ 'இந்த ஆள் சுத்த மண்டு' என்று குறிப்பு எழுதி வைத்திருக்க, அதே பேராசிரியர் விருந்தினராக வந்து, நூலகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டு, தன் பெயரைத் தானே தேடிப் பார்த்துவிட்டார்.

அவன் டூப்ளிகேட்டுகளை ஒன்றோடொன்று சேர்ப்பான், பெயர்களைத் திருத்துவான், வேண்டாததைக் குப்பைத்தொட்டியில் போடுவான், வாரக் கடைசியில் தொட்டியைக் காலி செய்வான். அடுத்தவர் தட்டில் மிச்சம் வைத்ததை வழித்துக் கொட்டுகிற மாதிரி இருக்கும். மனிதர்கள் மேலேயே வெறுப்பு வந்துவிடும். இவர்கள்தான் மற்றவர்களுக்கு ஆரோக்கியம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

அப்படிக் காலி செய்யப் போன ஒருநாள்தான், தொட்டிக்குள் தன் அக்காவின் கட்டுரை கிடப்பதைப் பார்த்தான்.

அக்கா அதே மையத்தில், பச்சிளம் குழந்தைகள் பிரிவில் ஆராய்ச்சியாளர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பாலை நாளுக்கு நாள் எவ்வளவு கூட்டலாம் என்பதுதான் அந்தக் கட்டுரை. மற்றவர்கள் பயந்து பயந்து கூட்டியதைவிட வேகமாகக் கூட்டலாம், ஒன்றும் ஆகாது என்று அது ஒரு எண்ணைச் சொன்னது. வந்த நாளிலிருந்து அந்த எண்ணுக்கு நல்ல பெயர். முதல் பெயர் அக்காவுடையது, கடைசிப் பெயர் மையத்தின் இயக்குநருடையது. இப்போது எல்லா ஊர்ப் பிரசவ வார்டுகளுக்கும் போகப்போகிற நர்சுகளின் கையேடு தயாராகிக்கொண்டிருந்தது. அதில் பாலூட்டும் பக்கம் முழுவதும் இந்தக் கட்டுரையின் தோளில்தான் நின்றது.

யாரோ கை தவறித் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து, 'மீட்டெடு' என்பதை அழுத்தினான். அது பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. அடுத்த வாரம் பார்த்தால் மறுபடியும் தொட்டியில். மீட்டான். மறுபடியும்.

கை தவறுவது ஒரு தடவை. இது அதே கை. யார் என்று பார்த்தான். வாசிப்பறையில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற கணினி, பொதுவான அக்கவுண்ட். அந்த அறையில் நாள் முழுக்கக் குடியிருப்பவர் ஒருவர்தான்.

அவர் புள்ளியியல் நிபுணர். எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்வதால் 'சதவீதம்'. மழை வருமா என்று கேட்டாலும் சரி, மனைவி சௌக்கியமா என்று கேட்டாலும் சரி. பேனா மூடியால் காது குடைவார். குடைந்த மூடியை உற்றுப் பார்ப்பார். பார்த்துவிட்டு அதே விரலால் பொதுக் கணினியில் தட்டுவார். அவர் உட்கார்ந்து எழுந்த விசைப்பலகையில் பிஸ்கட் தூள் எழுத்துகளுக்கு நடுவே புதைந்து கிடக்கும். அவரைத் தாண்டிப் போகும்போது அவன் மூச்சை அடக்கிக்கொள்வான்.

அவர் கட்டுரையைத் தள்ளுவதற்குக் காரணமும் இருந்தது. அக்காவின் கட்டுரைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர். ஆனால் எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல்தான் என்று சோப்பு முடிவு கட்டினான்.

அன்று சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னான். அவன் குடியிருப்பது அக்கா வீட்டு மாடி அறை. சாப்பாடு கீழே. மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், நாள் முழுக்க அடுத்தவர்கள் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதிப்பதைப் பார்த்து நொந்தவர்.

"உங்க ஆபீஸ்ல மனுஷனைத் தூக்க முடியாதவன் கட்டுரையைத் தூக்கறான்," என்றார் மச்சான். "பரவாயில்ல, நாகரிகமான ஆளுங்கதான்."

"சிரிக்காதீங்க மச்சான். நான் எடுத்து வைக்க வைக்க அந்த ஆள் மறுபடி தள்றான். எச்சில் கையோட."

"எச்சில் கைன்னு உனக்கு எப்படிடா தெரியும்? ஸ்கிரீன்ல ஒட்டியிருந்துச்சா?"

அக்கா தட்டைப் பார்த்தபடியே, "விடு தம்பி," என்றாள். "போனா போகட்டும். பழைய கட்டுரைதானே."

"எப்படிக்கா விடறது? கையேடே அதை வச்சுத்தான் ஓடுது."

"அதான் சொல்றேன், விடுன்னு."

அக்காவுக்கு எப்போதும் தன்னடக்கம் அதிகம் என்று நினைத்துக்கொண்டான். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனது கண்ணில் பட்டது. கருத்தில் படவில்லை.

மறுநாள் வாசிப்பறைக்குப் போனான். சதவீதம் காதில் மூடியோடு இருந்தார்.

"சார், ஒரு விஷயம். எங்க அக்கா கட்டுரையை நீங்க ஏன் அழிக்கறீங்க?"

அவர் மூடியை எடுத்தார். பார்த்தார். மேசை மேல் வைத்தார். "நான் அழிக்கலயே."

"இந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் நடக்குது."

"இந்தக் கம்ப்யூட்டர்ல உட்கார்றவங்க நிறைய பேர். மத்தியானம் நான் சாப்பிடப் போனா யார் வேணா உட்காரலாம். நான்தான்னு சொல்றதுக்கு ஒரு நாப்பது சதவீதம் வாய்ப்பு தரலாம் உனக்கு. அதுவே தாராளம்."

"விளையாடாதீங்க சார்."

"விளையாடல தம்பி. நானா இருந்தா குப்பையைக் காலி பண்ணியும் விட்டிருப்பேன். பாதி வேலை பண்ற பழக்கம் எனக்கில்ல." நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். "நீ ஏன் அதை மறுபடி மறுபடி எடுத்து வைக்கற? ஒரு பொருளை ஒருத்தர் திரும்பத் திரும்பக் கீழ போட்டா, ஏன் போடறாங்கன்னு கேக்கணும்னு தோணாதா உனக்கு?"

அவனுக்கு அந்த மேசை மேல் கிடந்த மூடியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. நேரே இயக்குநரிடம் போனான்.

இயக்குநர் நல்ல வாசனையான மனிதர். சட்டைக் கையில் ஒரு மடிப்பு கலையாது. அந்த அறைக்குள் போனால் மட்டும் சோப்புக்கு மூச்சு சீராகும். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "கட்டுரை போகக்கூடாது," என்றார். "அதுதான் நம்ம கையேட்டோட முதுகெலும்பு. இனிமே அழிக்கற உரிமை யாருக்கும் வேண்டாம். உன்கிட்ட மட்டும் இருக்கட்டும். உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த இடம் எப்பவோ உருப்பட்டிருக்கும்."

அன்றைக்கே பூட்டினான். சேர்க்கலாம், படிக்கலாம். அழிக்க முடியாது. அன்றைக்குக் கை கழுவும்போது தண்ணீர் இனித்தது என்றே சொல்லலாம்.

இரண்டு நாள் கழித்து அக்கா அவன் அறைக்கு வந்தாள். அலுவலகத்தில் அவள் அவன் அறைக்கு வருவதில்லை, தம்பிக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள் என்று யாரும் பேசிவிடக்கூடாது என்பதற்காக. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை.

"எனக்கு அழிக்கற உரிமை வேணும்."

"எதுக்குக்கா?"

"என் கட்டுரையை எடுக்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. மத்தியான நேரம், பொதுக் கணினி, பாதிச் சாப்பாடு.

"நீயாக்கா?"

"நான்தான்."

பிறகு சொன்னாள். மெதுவாக, நோயாளியின் உறவினருக்குச் சொல்கிற மாதிரி. ஆராய்ச்சி நடந்தபோது பாலை வேகமாகக் கூட்டிய குழந்தைகளில் சிலதுக்கு வயிறு உப்பிப்போய் பச்சையாக வாந்தி வந்தது. அங்கே அறுவை சிகிச்சை வசதி இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அனுப்பிய குழந்தைகளை அட்டவணையில் சேர்க்கவில்லை. 'நம்ம வார்டுல முடிச்சவங்கதான் நம்ம கணக்கு' என்று இயக்குநர் சொன்னார். அக்கா சரி என்றாள். சதவீதம் மட்டும் கேட்டார், போனவங்க எங்கே என்று. அதனால்தான் அவர் பெயர் நன்றி சொல்கிற வரிக்குப் போனது.

"மிச்சம் இருந்த குழந்தைங்க எல்லாம் நல்லா இருந்தாங்க," என்றாள் அக்கா. "நல்லா இருந்தவங்களை மட்டும் எண்ணினா எல்லாரும் நல்லாத்தானே இருப்பாங்க."

"அனுப்பின குழந்தைங்களுக்கு என்ன ஆச்சு?"

"தெரியல."

"தெரியலைன்னா?"

"போன் பண்ணிக் கேக்கல தம்பி. எந்த ஆஸ்பத்திரிக்கும். கேட்டா தெரிஞ்சிடும்னு கேக்கல."

அவன் எத்தனையோ வருஷமாக அடுத்தவர் அழுக்கைப் பார்த்தவன். பல் எக்ஸ்ரேயும் பிஸ்கட் தூளும் காது மூடியும் ஒரு அழுக்கா என்று இருந்தது. எதிரே நிற்பவள் அவனுக்குத் தலை துவட்டிவிட்டவள், சோறு போடுகிறவள். அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்காமல் திரையைப் பார்த்தான். திரையில் அவள் பெயர் இருந்தது, அவனே மூன்று முறை எடுத்து வைத்தது.

"குப்பையில தள்ளினா சரியாப் போச்சா?" என்றான். "இங்கேர்ந்துதான் போகும். அச்சான பத்திரிகையில இருக்கும். ஊரெல்லாம் இருக்கும். கையேட்டு வரைவுல ஏற்கெனவே ஏறியாச்சு. இது ஒண்ணும் அழிக்கறது இல்ல, திரைச்சீலை போட்டு மூடறது. நீயே போட்ட கட்டுரையை நீதான் திரும்ப வாங்கிக்கிறேன்னு பத்திரிகைக்கு எழுதணும்."

"எழுதினா அவர் என்னை இங்க வச்சிருக்க மாட்டார்."

"வச்சிருக்காம போகட்டும்."

"உனக்கென்ன, சொல்லிடுவே."

"ஆமா, சொல்லிடுவேன். எண் போய் வார்டுச் சுவத்துல ஒட்டினப்புறம் யார்கிட்ட போய் அழிக்கற உரிமை கேப்பே?"

அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. அவன் கீழே சாப்பிட வருவதையும் நிறுத்தினான். வெளியே வாங்கிச் சாப்பிட்டான், அதுவும் இறங்கவில்லை. மச்சான் ஒருநாள் மாடிக்கு வந்து வாசலிலேயே நின்று, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் சிக்னல் இல்லாத நாலுமுனையில மாட்டின மாதிரி நிக்கறேன்," என்றார். "யாராவது ஒருத்தர் வண்டியை எடுங்கய்யா." மச்சானுக்கு எவ்வளவு தெரியும் என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் அருவருப்பாக இருந்தது.

கையேடு இந்தக் குழு, அந்தக் குழு என்று ஊர்ந்துகொண்டிருந்தது. மாதங்கள் போயின. ஒரு காலை நூலகத்தைத் திறந்தபோது அக்காவின் கட்டுரைக்கு மேல் ஒரு சிவப்புப் பட்டை ஓடியிருந்தது. 'திரும்பப் பெறப்பட்டது.' எந்தக் கட்டுரையைப் பத்திரிகை திரும்பப் பெற்றாலும் மென்பொருள் தானாகவே இப்படிக் கோடு போட்டுவிடும். அவன் கை வைக்க வேண்டியதே இல்லை. கீழே காரணம் இருந்தது: முதல் ஆசிரியரின் வேண்டுகோளின்படி, சில நோயாளிகள் கணக்கில் விடுபட்டதால்.

நூற்றுச் சொச்சம் பேரும் அதே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய ஒவ்வொரு கோப்பும் திறக்கும்போதே எச்சரித்தது. அக்காவின் மேசையை மத்தியானத்துக்குள் பழைய கருவிகள் கிடக்கிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். சதவீதம் மட்டும் தன் பிஸ்கட் பொட்டலத்தோடு அங்கே போய், அவள் எதிரில் ஒரு உடைந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள்.

இயக்குநர் சோப்பைக் கூப்பிட்டார். சட்டைக் கை மடிப்பு அப்படியே இருந்தது.

"கையேட்டில இருக்கற அந்த ரெஃபரன்ஸை எடுத்துடு. இதை வை." ஒரு வெளிநாட்டுக் கட்டுரையின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

"எண் சார்?"

"எண்ணுக்கு என்ன? எண் இருக்கட்டும். ரெஃபரன்ஸ்தானே கெட்டுப்போச்சு."

வீட்டில் எலி செத்த நாற்றத்துக்கு ஊதுவத்தி ஏற்றுகிற மாதிரி இருந்தது அவனுக்கு. முதன்முறையாக அந்த அறையின் வாசனையில் அவனுக்குத் தலை வலித்தது. "எண்ணையும் எடுக்கணும் சார்," என்றான்.

"அந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு வந்து பேசு."

படித்தான். பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துச் சொல்கிற கனமான கட்டுரை அது. தேடினான். நடுவில் ஒரு அட்டவணை. அதில் அதே எண் இருந்தது. ஒரு புள்ளிகூட மாறாமல். பெரிய பெரிய பெயர்கள், பெரிய பத்திரிகை. யாரோ தெரியாதவர்கள், எங்கோ தொலைவில், தாங்களாகவே பார்த்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கியது. பழைய மேற்கோளை எடுத்தான், புதியதை வைத்தான். ஒரு க்ளிக். கையேட்டுப் பக்கத்தின் அடியில் பெயர் மாறியது. சிவப்பு எச்சரிக்கை மறைந்தது.

அன்று கீழே சாப்பிட இறங்கினான். அக்கா தட்டு வைத்தாள். அவன் தட்டைத் துடைக்கவில்லை.

"அக்கா, வேற ஒருத்தரும் அதே எண்ணைத்தான் சொல்லியிருக்காங்க. நானே பார்த்தேன். உன் கணக்கு தப்பா இருக்கலாம், எண் தப்பில்ல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நெஜமாவா?"

"கண்ணால பார்த்தேன்."

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு சாப்பிட்டாள், இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். மச்சான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, வண்டி நகருது," என்றார். "யாரும் ஹாரன் அடிக்காதீங்க."

கையேடு அச்சாகிப் போனது. வார்டுகளில் பாலூட்டும் பக்கத்தை மட்டும் கிழித்துச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டான்.

வெகுநாள் கழித்து அந்த வெளிநாட்டுக் கட்டுரைக்கு ஒரு டூப்ளிகேட் வந்து விழுந்தது. வழக்கம்போல யாரோ இரண்டாம் தடவை சேர்த்திருந்தார்கள். வழக்கம்போல முகம் சுளித்துக்கொண்டு, ஒன்றாக்குவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டான். அப்போதுதான் தெரிந்தது. அட்டவணையில் அந்த எண்ணின் தோளில், பொடி எழுத்தில், எங்கிருந்து எடுத்தது என்று காட்டும் ஒரு மேற்கோள் இலக்கம் இருந்தது. அது காட்டிய கடைசிப் பக்கத்துக்குப் போனான். அவர்கள் அந்த எண்ணைத் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. அக்காவின் கட்டுரையிலிருந்துதான் எடுத்திருந்தார்கள்.